விசையும் இயக்கமும்: முதல் முறை பாடம் எடுக்கப் போகும் அறிவியல் ஆசிரியருக்கு

ஒரு சாக்பீஸை மேலே தூக்கிப் போடுங்கள். அது கையை விட்டுக் கிளம்பிவிட்டது, உச்சிக்கு இன்னும் போகவில்லை, பாதி வழியில் இருக்கிறது. அந்த நொடியைச் சொல்லி, "இப்போ இதுமேல என்ன விசை இருக்கு? எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், நான் பார்த்தவரை ஐந்தாறு பேர் தவிர எல்லாரும் "மேலே சார்" என்பார்கள். இன்னும் குடைந்து கேட்டால், "கை குடுத்த விசை சார். போகப் போகத் தீர்ந்துடும். தீர்ந்ததும் கீழ விழுந்துடும்" என்று விளக்கமும் வரும்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் கிளெமென்ட் இதே கேள்வியை, சுண்டிவிட்ட நாணயத்தை வைத்து, பொறியியல் படிக்க வந்தவர்களிடம் கேட்டு 1982-இல் எழுதினார். அங்கேயும் பெரும்பாலோர் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டார்கள்.

அதாவது, நம் முன்னால் உட்கார்ந்திருக்கும் தலைகள் காலிப் பானைகள் இல்லை. பதினான்கு வருடமாகச் சைக்கிள் மிதித்து, குடம் தூக்கி, பந்து எறிந்து, அவர்களே ஒரு இயற்பியலைக் கட்டி வைத்திருக்கிறார்கள். தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். அன்றாட வாழ்க்கைக்கு அது போதும். அதை வெளியே வரவழைக்காமல் அதன்மேல் நியூட்டனைப் பூசினால், விடைத்தாளில் நியூட்டன் இருப்பார், மனதில் பழையதுதான் இருக்கும். முதல் இரண்டு வருடம் நான் அப்படித்தான் பூசிக்கொண்டிருந்தேன்.

கீழே சொல்வது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்', பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடங்களை நடத்துகிறவர்களை மனதில் வைத்து. ஆய்வகம் தேவையில்லை.

முதலில் நான்கு கேள்வி, ஒரு துண்டுச் சீட்டு

பாடத்தைத் திறப்பதற்கு முந்தைய நாளே இதைச் செய்துவிடுங்கள். கால் தாள் ஒன்றைக் கொடுத்து நான்கு கேள்விக்கு விடை எழுதச் சொல்லுங்கள். ஒன்று, அந்தச் சாக்பீஸ். இரண்டு, மாடியிலிருந்து செங்கல்லையும் சாக்பீஸையும் ஒரே நேரத்தில் விட்டால் எது முதலில் தரைக்கு வரும்? மூன்று, லாரியும் சைக்கிளும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும்? நான்கு, மேசைமேல் இருக்கும் புத்தகத்தை மேசை ஏதாவது செய்கிறதா, சும்மா தாங்கிக்கொண்டிருக்கிறதா?

மதிப்பெண் கிடையாது என்று சொல்லுங்கள். பெயர் மட்டும் இருக்கட்டும். வாங்கிய சீட்டுகளை ஒரு உறையில் போட்டு மூடி வையுங்கள். விடை சொல்லாதீர்கள். "சார், எது சரி?" என்று பின்னாலேயே வருவார்கள், அப்போதும் சொல்லாதீர்கள். அந்த அரிப்புதான் அடுத்த இரண்டு வாரத்துக்கு வகுப்பை இழுத்துக்கொண்டு போகும்.

சொற்களைப் பிரித்து வையுங்கள்

ஒரு பாடவேளை முழுக்க இதற்கே போகலாம், தப்பில்லை. நம் மொழியில் சில சொற்கள் நமக்கு உதவுகின்றன, சில காலை வாருகின்றன.

'திசைவேகம்' தன் பொருளைத் தானே சொல்லிவிடும். 'இடப்பெயர்ச்சி'க்கு குருப்பெயர்ச்சியைச் சொல்லுங்கள். குரு எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு என்பதுதான் பேச்சு, நடுவில் எத்தனை கிலோமீட்டர் சுற்றினார் என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பு சிரிக்கும், தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் வித்தியாசம் அப்புறம் மறக்காது. 'முடுக்கம்' பிள்ளைகளுக்குப் பூதமாகத் தெரியும். கிராமத்துப் பிள்ளைகள் இருந்தால், மாட்டை முடுக்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஆனால் உடனே ஒரு திருத்தமும் சேர்க்க வேண்டும். இயற்பியலில் வேகம் குறைவதும் முடுக்கம்தான், வேகம் மாறாமல் வளைவில் திரும்புவதும் முடுக்கம்தான்.

'நிறை', 'எடை' இரண்டும் தொல்லை. "நான் அம்பது கிலோ எடை" என்று ஊரே சொல்கிறது. கடைக்காரரும் எடைதான் போடுகிறார். இதை முதல் நாளே சண்டை போட்டுத் திருத்த முயல வேண்டாம். நிலாப் பயணத்தைச் சொல்லும்போது தானாக இடம் கிடைக்கும்.

நான் தாமதமாகக் கண்டுபிடித்த சொல் 'ஃபோர்ஸ்'. நம் பேச்சில் "குழாய்ல தண்ணி ஃபோர்ஸா வருது", "பந்து செம ஃபோர்ஸா வந்துச்சு" என்கிறோம். கவனித்தீர்களா? ஃபோர்ஸ் என்பது பந்துக்குள் இருந்து பந்தோடு கூடவே வருகிற ஏதோ ஒன்று. 'விசை என்றால் ஃபோர்ஸ்' என்று நாமே எழுதிப் போட்ட அன்றைக்கே, விசை என்பது பொருளுக்குள் ஏற்றி அனுப்பப்படும் சரக்கு என்று பிள்ளைகள் பதிந்துகொள்கிறார்கள். சாக்பீஸ் கேள்விக்கு ஏன் அந்த விடை வருகிறது என்பது இப்போது புரியும்.

பந்துக்குள் ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொன்னால் அவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது, ஏனென்றால் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடித்தால் கை எரிகிறதே. அதற்குப் பெயர்தான் வேறு: உந்தம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது. அதனால் நான் பாட வரிசையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். விசையை வரையறுப்பதற்கு முன்பே உந்தத்தைச் சொல்லிவிடுவேன். "நீ சொல்றது சரிதான்டா, அதுக்குப் பேரு உந்தம். விசைன்னா அந்த உந்தத்தை மாத்துறது." இந்த ஒரு வாக்கியம் எனக்கு ஏகப்பட்ட பாடவேளைகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

விசையை மறந்துவிட்டு இயக்கத்தை மட்டும் பாருங்கள்

விசையைத் தொடுவதற்கு முன் பிள்ளைகளின் கண்ணுக்கு முடுக்கம் தெரிய வேண்டும். கரும்பலகை வரைபடத்தில் அது தெரியாது, தரையில் தெரியும்.

மருந்துக் கடையில் ஒரு புது ட்ரிப் செட் வாங்குங்கள் (ஆஸ்பத்திரியில் பயன்படுத்தியதை எடுத்து வரவே கூடாது). ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து, மூடியில் ட்ரிப் செட்டைச் செருகி, காற்று போக மேல்பக்கம் ஒரு சின்ன ஓட்டை போட்டு, சைக்கிள் கேரியரில் தலைகீழாகக் கட்டுங்கள். உருளையைத் திருகித் திருகி, நிமிடத்துக்கு 120 சொட்டு விழும்படி சரிசெய்துகொள்ளுங்கள். அதாவது ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் அரை விநாடி. பாட்டில் காலியாகக் காலியாகச் சொட்டும் மெதுவாகும், அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வகுப்பின் நல்ல சைக்கிள்காரரை இறைவணக்கம் நடக்கும் சிமென்ட் தரையில் ஓட்டச் சொல்லுங்கள். முதலில் சீராக, அப்புறம் நின்ற இடத்திலிருந்து எம்பி மிதித்து, கடைசியில் பிரேக் பிடித்து. சீரான ஓட்டத்தில் புள்ளிகள் சம இடைவெளியில் விழும். எம்பி மிதித்த ஓட்டத்தில் இடைவெளி விரிந்துகொண்டே போகும். பிரேக் பிடித்த இடத்தில் நெருங்கி நெருங்கிக் குவியும். வெயில் ஏறுவதற்குள் அளந்துவிடுங்கள், காய்ந்தால் தேட வேண்டியிருக்கும்.

எங்களுக்கு ஒரு முறை கிடைத்த இடைவெளிகள் கிட்டத்தட்ட 0.6, 0.9, 1.2, 1.5 மீட்டர். ஒவ்வொன்றையும் அரை விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 1.2, 1.8, 2.4, 3.0 மீட்டர். ஒவ்வோர் அரை விநாடியிலும் 0.6 கூடுகிறது, எனவே முடுக்கம் 1.2 மீ/வி². 'விநாடிக்கு விநாடி' என்ற அந்த விசித்திரமான அலகு எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு வேலையும் செய்யலாம். ஒவ்வோர் இடைவெளியின் நீளத்துக்கும் செய்தித்தாளைப் பட்டையாக வெட்டி, சுவரில் வரிசையாக நிற்க வைத்து ஒட்டுங்கள். பட்டைகளின் தலைகளை நூலால் இணைத்தால் திசைவேகம்–காலம் வரைபடம் சுவரில் நிற்கும். சாய்வு என்றால் முடுக்கம், நூலுக்குக் கீழே அடைபட்ட பரப்பு என்றால் கடந்த தொலைவு என்பதை இதைக் காட்டிச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பின் மூன்று இயக்கச் சமன்பாடுகளும் இந்தச் சுவரிலிருந்தே கிளம்பும்.

கோலிக்குண்டும் கேரம் போர்டும் முட்டுக்கட்டையும்

மின்சாரக் கடையில் வயரிங் கேசிங் பட்டி கிடைக்கும். மூடியைக் கழற்றினால் கோலிக்குண்டு ஓட அருமையான வாய்க்கால். இரண்டு மீட்டர் பட்டியின் ஒரு முனையை ஏழெட்டு சென்டிமீட்டர் உயர்த்துங்கள். குண்டு முழு நீளமும் ஓட நாலு விநாடி ஆகும்படி, கீழே நோட்டுப் புத்தகங்களைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்யுங்கள். விநாடிக்கு ஒருமுறை ஒருவர் தட்ட வேண்டும் (கைபேசியில் தாளம் தட்டும் செயலி உண்டு). ஒவ்வொரு தட்டுக்கும் குண்டு எங்கே இருக்கிறது என்று நாலு பேர் சாக்பீஸால் குறிக்க வேண்டும். 12.5, 50, 112, 200 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். அதாவது 1, 4, 9, 16 என்ற விகிதம். இதைத்தான் கலிலியோ சாய்தளத்தில் பார்த்தார். அவரிடம் நிறுத்துக் கடிகாரம் கிடையாது. ஒழுகிய தண்ணீரை எடை போட்டு நேரத்தை அளந்தார்.

அதே பட்டியை வளைத்து இரண்டு முனையையும் உயர்த்திப் பிடியுங்கள். ஒரு பக்கம் விட்ட குண்டு மறுபக்கம் கிட்டத்தட்ட அதே உயரத்துக்கு ஏறும். மறுபக்கத்தைச் சாய்க்கச் சாய்க்க, அந்த உயரத்தைத் தேடி இன்னும் தூரம் ஓடும். "மறுபக்கத்தைத் தரையோடு தரையா வச்சுட்டா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கடினமான பகுதி, நமக்கு. வகுப்பில் பத்து விநாடி மௌனம் என்பது ஒரு யுகம். பொறுங்கள். யாராவது ஒரு பிள்ளை, "போய்ட்டே இருக்கும் சார்... நிக்கவே நிக்காது" என்று சந்தேகத்தோடு சொல்லும்.

அதற்கு வலு சேர்க்க கேரம் போர்டு. பவுடர் போடாமல் ஸ்ட்ரைக்கரை ஒரு தட்டு, பவுடர் போட்டு அதே அளவு ஒரு தட்டு. கேரம் ஆடும் பையன்கள் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள். ஸ்ட்ரைக்கர் நிற்பது விசை தீர்ந்ததால் இல்லை, பலகை உராய்ந்து நிறுத்தியதால். உராய்வே இல்லாத இடம் எங்கே என்று கேட்டால் வாயேஜர் 1-ஐச் சொல்லுங்கள். 1977 செப்டம்பரில் கிளம்பிய அந்த விண்கலம், தள்ள எந்த எஞ்சினும் இல்லாமல் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்றும் போய்க்கொண்டிருக்கிறது.

நிலைமத்துக்கு (இருக்கிற நிலையை லேசில் மாற்றவிடாத குணம்) டம்ளர், அட்டை, நாணயம் என்ற சோதனையை எல்லாரும் செய்வார்கள். செய்யுங்கள். ஆனால் நம் ஊரில் அதைவிடப் பெரிய சோதனைக்கூடம் தேரோட்டம். அசையாமல் நிற்கும் தேரைக் கிளப்ப ஊரே வடம் பிடிக்க வேண்டும், சில ஊர்களில் பின்னாலிருந்து இயந்திரத்தால் நெம்ப வேண்டும். ஓடத் தொடங்கியதும் நிறுத்துவது அதைவிடப் பாடு. அதற்காகச் சக்கரத்துக்குக் குறுக்கே ஆப்பு மாதிரி மரக்கட்டையைப் போடுவார்கள். அதுதான் முட்டுக்கட்டை. "எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடாதே" என்று வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் கட்டையைப் பார்த்ததில்லை. கிளப்பவும் கஷ்டம், நிறுத்தவும் கஷ்டம்: இரண்டும் ஒரே குணம் என்பது தேரில் பளிச்சென்று தெரியும். கிளப்பும்போது ஓய்வு உராய்வும் சேர்ந்துகொள்கிறது என்பதை நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகச் சொல்லலாம்.

யார்? யார்மேல்?

இனி அம்புக்குறி. ஒரு பொருளை மட்டும் தனியாக ஒரு பெட்டியாக வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகப் போட வேண்டும். எந்த அம்பு போட்டாலும் இரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். யார் செலுத்துகிறார்? யார்மேல்? 'பூமி, சாக்பீஸ்மேல்.' 'கயிறு, வாளிமேல்.' 'தரை, பெட்டிமேல்.' முதல் கேள்விக்குப் பதில் இல்லாத அம்பை அழித்துவிட வேண்டும். சட்டம் அவ்வளவுதான், ஆனால் கறாராக இருங்கள். ஈர்ப்பைத் தவிர மற்ற விசைகளுக்கு, அந்தப் பொருளைத் தொட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று தேடினால் போதும். (காந்தமும் மின்னூட்டமும் வேறு பாடம்.)

இப்போது சாக்பீஸை மறுபடி போடுங்கள். பூமி இழுக்கிறது, கீழே ஓர் அம்பு. மேல்நோக்கிய அம்பு யாருடையது? "கை சார்." கை இப்போது தொடுகிறதா? "இல்ல..." அப்போ அழி. "அப்புறம் எப்படி சார் மேல போகுது?" என்ற கேள்வி கட்டாயம் வரும். உந்தம் மேலே இருக்கிறது, விசை கீழே இருக்கிறது. விசை விநாடிக்கு விநாடி அந்த உந்தத்தைத் தின்கிறது. தின்று முடித்த இடம்தான் உச்சி. உச்சியில் திசைவேகம் சுழியம், ஆனால் விசை அதே அளவுதான். இதைச் சொல்லிவிட்டு, உச்சியில் முடுக்கம் எவ்வளவு என்று கேளுங்கள். பாதிப் பேர் "சுழியம்" என்பார்கள். திசைவேகமும் சுழியம், முடுக்கமும் சுழியம் என்றால் சாக்பீஸ் அங்கேயே தொங்க வேண்டுமே!

மேசைமேல் இருக்கும் புத்தகத்துக்கு வேறு வழி. மேசை சும்மா கிடக்கிறது, அது எப்படித் தள்ளும் என்பது அவர்கள் வாதம். இரண்டு பெஞ்சுக்கு நடுவே மரஸ்கேலைப் பாலமாக வைத்து அதன்மேல் புத்தகத்தை வையுங்கள். ஸ்கேல் வளையும். வளைந்த ஸ்கேல் நிமிரப் பார்க்கிறது, அதனால் மேலே தள்ளுகிறது. ஸ்கேலுக்குப் பதில் தடித்த பலகை வைத்தால் குறைவாக வளையும். மேசை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. ஒவ்வொன்றாக இப்படிப் போனால்தான் ஒத்துக்கொள்வார்கள். நேராக மேசைக்குத் தாவினால் மாட்டார்கள்.

விசை எவ்வளவு? நியூட்டன் கைக்கு எட்ட வேண்டும்

'ஒரு கிலோகிராம் நிறையை 1 மீ/வி² முடுக்கும் விசை ஒரு நியூட்டன்' என்பது பரீட்சைக்கு. கைக்கு வேறு வேண்டும். சத்துணவு முட்டை இரண்டை உள்ளங்கையில் வைத்தால் சுமார் நூறு கிராம். அவற்றைத் தாங்க உங்கள் கை தரும் விசை கிட்டத்தட்ட ஒரு நியூட்டன். இதற்கப்புறம் எந்தக் கணக்கின் விடையையும் முட்டையாகவோ அரிசியாகவோ மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பஸ் கணக்கு எனக்குப் பிடித்தது. 54 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் பிரேக் பிடித்து 5 விநாடியில் நிற்கிறது. 54-ஐ விநாடிக்கு மாற்றினால் 15 மீட்டர் (36 என்றால் 10, 72 என்றால் 20; இந்த மூன்றையும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்). ஒவ்வொரு விநாடியும் வேகம் 3 மீ/வி குறைகிறது. பஸ்ஸில் நிற்கும் உங்கள் நிறை 40 கிலோகிராம் என்றால், பஸ்ஸோடு சேர்ந்து நீங்களும் நிற்க 40 × 3 = 120 நியூட்டன் வேண்டும். பன்னிரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிப்பது போல. அதைக் கம்பியும் காலடித் தரையும் சேர்ந்து கொடுக்கின்றன. கம்பியைப் பிடிக்காவிட்டால் யார் கொடுப்பார்கள்? முன்னால் நிற்பவர் முதுகு.

அதே பஸ் மரத்தில் மோதி 0.1 விநாடியில் நின்றால்? முடுக்கம் 150, விசை 6000 நியூட்டன். அறுநூறு கிலோ. எந்தக் கையாலும் கம்பியைப் பிடித்துச் சமாளிக்க முடியாது. இந்த எண்ணைப் பலகையில் எழுதும்போது வகுப்பு அமைதியாகும். தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் அந்த நேரத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் உயிரைக் காக்கின்றன என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். கணத்தாக்கு (விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் வருவது) என்ற தலைப்பும் அதோடு முடிந்த மாதிரி.

கண்ணால் காட்ட வேண்டுமா? பழைய வேட்டி ஒன்றை இரண்டு பேர் உயர்த்திப் பிடிக்கட்டும், அடிப்பக்கத்தை வேறு இரண்டு பேர் தொட்டில் போல மடித்துத் தூக்கிக்கொள்ளட்டும். பச்சை முட்டையைக் கொடுத்து, வேட்டியின் நடுவே முடிந்தவரை வேகமாக எறியச் சொல்லுங்கள். உடையாது. தைரியமாகச் செய்யலாம், ஆனால் குறி தவறுகிற பையனிடம் கொடுக்காதீர்கள். அடிமடிப்பை மறந்தாலும் தரையில் விழுந்து உடையும். இரண்டும் எனக்கு நடந்திருக்கின்றன.

மூன்றாம் விதி: இங்கே அவசரப்படாதீர்கள்

ஒரு பொருள் இன்னொன்றின்மேல் விசை செலுத்தினால், அதுவும் அதே அளவு விசையை எதிர்த்திசையில் இதன்மேல் செலுத்தும் என்பதுதான் நியூட்டனின் மூன்றாம் விதி. மற்ற இரண்டு விதிகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்று எடுக்கும் நேரம் அதிகம். காரணம் பாதி, 'வினை, எதிர்வினை' என்ற பழைய சொற்கள். தினை விதைத்தவன் கதையைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, வினை முதலில், அதன் பலன் பிறகு. இயற்பியலில் முன்பின் கிடையாது, இரண்டும் ஒரே கணத்தில். 'விசை, எதிர்விசை' என்றே சொல்லுங்கள்.

இரண்டு சுருள்வில் தராசுகளை ஒன்றோடொன்று கொக்கி மாட்டி, ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் செய்து, அளவுகள் சமம் என்று காட்டுவது வழக்கம். நான் முதல் முறை செய்தபோது ஒன்று 4 காட்டியது, மற்றது 4.5. "சார், நியூட்டன் அவுட்!" என்று பின் பெஞ்சு கத்தியது. எனக்கு முகம் சிவந்து, "கருவி சரியில்லை" என்று மழுப்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தத் தராசுகள் தொங்கவிட்டு அளப்பதற்காகச் செய்தவை. படுக்கையில் பிடித்தால் கொக்கியின் எடை வில்லை இழுக்காது, சுழியக் குறியே நகர்ந்துவிடும். வகுப்புக்கு முன்பே இரண்டையும் படுக்க வைத்துச் சுழியத்தைச் சரிபாருங்கள்.

இப்போதெல்லாம் நான் வேண்டுமென்றே சரிபார்க்காமல் ஒரு முறை காட்டுகிறேன். வித்தியாசம் வந்ததும், "பெரியவன் அதிகமா இழுக்கிறானா, தராசு பொய் சொல்லுதா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்பேன். யாராவது, "தராசை மாத்திப் பிடிக்கலாம் சார்" என்பார்கள். மாற்றினால், அந்த அதிகப்படி அரை நியூட்டன் தராசோடு போகும், ஆளோடு போகாது.

லாரி–சைக்கிள் கேள்விக்குக் காலில் சக்கரம் வைத்த சுழல் நாற்காலிகள் இரண்டு போதும், தலைமையாசிரியர் அறையில் இருக்கும். கனமான பையனையும் மெலிந்த பெண்ணையும் எதிரெதிரே உட்கார வைத்து, அவளை மட்டும் அவன் கையைத் தள்ளச் சொல்லுங்கள். இருவருமே நகர்வார்கள், அவள் அதிகமாக. இரண்டு பேர்மேலும் ஒரே விசை, நிறை வேறு, அதனால் முடுக்கம் வேறு. 'ஒரே விசை' என்பதையும் 'ஒரே பாதிப்பு' என்பதையும் இங்கே பிரித்துக் காட்ட வேண்டும். சைக்கிள் நொறுங்குவதற்கு லாரி அதிக விசை கொடுத்தது காரணமில்லை, அதே விசையைத் தாங்கச் சைக்கிளுக்கு உடம்பு போதவில்லை.

அப்புறம் மாட்டுவண்டிப் புதிர். மாடு வண்டியை இழுக்கும் அதே அளவுக்கு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது. அப்படியானால் எப்படி நகர்கிறது? இதை நீங்கள் அவிழ்க்காதீர்கள். மூன்று பெட்டி வரையச் சொல்லுங்கள்: மாடு, வண்டி, தரை. ஒவ்வோர் அம்புக்கும் யார், யார்மேல். வண்டிப் பெட்டியைத் தனியாகப் பார்த்தால், மாடு முன்னால் இழுக்கிறது, தரையின் உராய்வு பின்னால், கிளம்பும்போது முன்னது பெரிது. வண்டி மாட்டை இழுக்கும் அம்பு இந்தப் பெட்டியிலேயே இல்லை, அது மாட்டின் பெட்டியில் இருக்கிறது. வேறு வேறு பொருள்மேல் உள்ள விசைகள் ஒன்றையொன்று ரத்து செய்யாது. மாடு ஏன் நகர்கிறது? குளம்பால் தரையைப் பின்னால் உதைக்கிறது, தரை அதை முன்னால் தள்ளுகிறது. சேற்றில் வழுக்கும் மாட்டைப் பார்த்தவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ராக்கெட் காற்றை உதைத்து மேலே போகிறது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. காற்றே இல்லாத வெளியிலும் அது முடுக்கம் அடைகிறதே என்று கேளுங்கள். சந்திரயான்-3 கிளம்பியது 2023 ஜூலை 14-இல். அதை ஏற்றிச் சென்ற ராக்கெட் கிளம்பும்போது சுமார் 640 டன். அதைத் தரையிலிருந்து எழுப்பவே ஏறக்குறைய 63 லட்சம் நியூட்டனுக்கு மேல் வேண்டும். முட்டையாக மாற்றிப் பார்க்கட்டும். அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றும் போகிற போக்கில் சொல்லுங்கள்.

விழும் பொருள்கள்

இது சுலபம். நோட்டையும் ஒரு தாளையும் தனித்தனியே விடுங்கள், தாள் தாமதமாக வரும். தாளை நோட்டின் மேல் வைத்து, ஓரம் நீட்டாமல், சேர்த்து விடுங்கள், ஒட்டிக்கொண்டே வரும். தாளைக் கசக்கிப் பந்தாக்கியும் விடுங்கள். அப்புறம் அப்பல்லோ 15 காணொளி: 1971 ஆகஸ்ட் 2-இல் டேவிட் ஸ்காட் நிலாவில் 1.32 கிலோகிராம் சுத்தியலையும் 30 கிராம் வல்லூறு இறகையும் ஒன்றாக விட்டார், ஒன்றாகவே விழுந்தன. அந்தச் சுத்தியலின் நிறை அங்கேயும் 1.32 கிலோகிராம்தான், எடை பூமியில் 13 நியூட்டன், நிலாவில் 2 நியூட்டன் சொச்சம். நிறை–எடை சண்டையை இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

பரீட்சை

இதெல்லாம் நடத்தினால் பாடம் முடியுமா என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். வரையறைகளைக் கடைசியில் கொடுங்கள், ஒரே பாடவேளையில் முடியும். பொருள் புரிந்த வரையறையை மனப்பாடம் செய்வது கஷ்டமில்லை. கணக்குகளுக்கு ஒரே ஒழுங்கு: படம், அம்பு, அலகு மாற்றம், அப்புறம்தான் சூத்திரம். அம்பு வரையாமல் சூத்திரத்துக்குத் தாவும் விடைத்தாளுக்கு வகுப்புத் தேர்வில் ஒரு மதிப்பெண் குறைத்துப் பாருங்கள், பழகிவிடுவார்கள். திருப்புத்திறன் (விசை ஒரு பொருளைச் சுழற்றும் திறன்) பகுதியைச் செய்முறையோடு சேர்த்தே நடத்திவிடுங்கள், ஸ்கேலும் நூலும் கையில் இருக்கும்போதே.

பாடம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, பிள்ளைகள் மறந்திருக்கும் ஒரு நாளில், அதே நான்கு கேள்விகளை உடுப்பு மாற்றிக் கொடுங்கள். சாக்பீஸுக்குப் பதில் மேலே எறிந்த மாங்காய், லாரிக்குப் பதில் பஸ்ஸின் கண்ணாடியில் மோதிய ஈ. எழுதி முடித்ததும் உறையிலிருந்து பழைய சீட்டை எடுத்து அவரவர் கையில் கொடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் எப்போதும் ஏழெட்டுப் பேர் மாங்காய்க்கு மேலே ஓர் அம்பு போட்டிருப்பார்கள். அவர்களிடம் விடையைச் சொல்வதில்லை. அம்புக்குப் பக்கத்தில் 'யார்?' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பெரும்பாலும் மணி அடிப்பதற்குள் அழித்துவிட்டு வந்து நிற்பார்கள்.